சின்னத்துரைக்கு ஆமை பார்த்த கதை

உல்லாசப் படகுக்குக் காற்றுப் பொம்மை பார்க்கப் போகிறவர்கள் வெறுங்கையோடு போகக் கூடாது. தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம், பூ வைத்து, அவற்றோடு படகின் பின்கயிற்றையும் சுருட்டி வைத்து எடுத்துப்போக வேண்டும். படகு நேரில் வர முடியாது என்பதால் கயிறுதான் அதன் சார்பில் பொம்மையைப் பார்க்கும். தூத்துக்குடியில் கடல் பக்கம் இருக்கிற எல்லோருக்கும் இது தெரியும்.

பொம்மை அமையாத படகு கரையை விட்டு நகராது. எஞ்சின் ஓடும், நங்கூரம் ஏறும், படகு மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். விருந்தாளிகள் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக மேல்தளத்தில் உட்கார்ந்து, கலர் குடித்துவிட்டு, அப்படியே இறங்கி வீட்டுக்குப் போய்விடுவார்கள். பின்னால் கட்டி இழுக்க ஒரு வாத்தோ முதலையோ இருந்தால்தான் படகுக்குக் கடலில் ஒரு பிடிப்பு வரும்.

சின்னத்துரை அப்படி நின்றுபோன படகு. வெள்ளைவெளேரென்று, மூக்கு நீண்டு, பார்க்க லட்சணமாக இருக்கும். அதன் தண்டல் கொம்பையா. தண்டல் என்றால் படகை ஓட்டுகிறவர். கொம்பையா ஓட்டுவதோடு நிற்காமல் அதைக் கழுவினார், துடைத்தார், அதிலேயே சமைத்துச் சாப்பிட்டார், அதிலேயே தூங்கினார். கரையில் அவருக்கு வீடு கிடையாது. சம்பந்தம் பேச வந்தவர்களிடமெல்லாம் "படகைக் கழுவிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர், கழுவி முடிப்பதற்குள் தலை நரைத்துவிட்டது. சின்னத்துரையின் அடிவயிற்றில் குறுகலாக ஓர் அறை உண்டு. அலை தட்டும் பக்கமாகத் தலை வைத்து அங்கேதான் படுப்பார். அந்தச் சத்தம் கேட்காமல் அவருக்குத் தூக்கம் வராது.

சின்னத்துரைக்கு வந்து சேர்ந்த பொம்மை எதுவும் தங்கவில்லை. இந்த ஊரில் பொம்மைகளுக்குப் பம்பு வைத்துக் காற்றடிப்பதில்லை. பம்புக் காற்று யாருக்கும் சொந்தமில்லாத காற்று. ஓர் இடத்தில் இருப்புக்கொள்ளாது. ஊதுகாரர் தெருவில் வாயால் ஊதித்தான் பொம்மைகளை நிரப்புகிறார்கள். ஊதியவரின் குணம் பொம்மைக்கு வந்துவிடும். முதலில் வந்த அன்னத்தை ஊதியவர் எதற்கெடுத்தாலும் சிரிக்கிற ஆள். சின்னத்துரை ஒரு வளைவில் லேசாக ஆட்டிவிட்டது; அன்னம் சிரித்துச் சிரித்தே வாயைப் பிளந்துவிட்டது. அடுத்து வந்த முதலையை ஊதிய அம்மாள் கோபக்காரி. முதலை அலையோடு வம்புக்குப் போய்க் கிழிந்து வந்தது. மூன்றாவது ஒரு வாழைப்பழம். ஊதியவர் மேடைப் பேச்சாளர். அது வால்வு வழியாகப் புசுபுசுவென்று ஏதாவது சொல்லிக்கொண்டே வந்து, மணப்பாடு தாண்டுவதற்குள் வெறும் தோலாகிவிட்டது.

படகின் சொந்தக்காரர் தவசிமுத்து அண்ணாச்சி, உப்பு வியாபாரி. எதையும் வளர்த்துப் பேசுகிற ஆள் இல்லை. வாழைப்பழத் தோலைக் காலால் ஒதுக்கிவிட்டுச் சொன்னார்:

"கொம்பையா, இன்னும் ஒண்ணு பாப்போம். அதுவும் தங்கலைன்னா சின்னத்துரையை லாரியில ஏத்தி பைபாஸ் ரோட்டுல வச்சிருதேன். கப்பல் மாதிரி புரோட்டாக் கடை. கூட்டம் அள்ளும். கல்லு போட இடமும் பாத்தாச்சு. நீ படுக்குத ரூம்புதான்."

"அப்ப நான் எங்க படுக்க அண்ணாச்சி?"

"நீ எதுக்குப் படுக்கணும்? கல்லாவுல உக்காரு."

கல்லாவில் உட்காருவதில் கொம்பையாவுக்குக் கேவலம் ஒன்றும் இல்லை. பைபாஸ் ரோட்டில் அலை ஏது? சின்னத்துரை வெயிலில் நின்றுகொண்டு, மூக்கில் எண்ணெய்ப் புகை ஏற, வருகிறவன் போகிறவனெல்லாம் சால்னா ஊற்றச் சொல்லிக் கத்துவதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அதை நினைத்ததும் அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

தரகு பார்க்கிற சந்தனமாரி அக்கா மறுவாரமே வந்தார். படகுப் பக்கமும் பொம்மைப் பக்கமும் அவர் அறியாத வீடு கிடையாது.

"ஒரு ஆமை இருக்கு அண்ணே. நிறம் கொஞ்சம் மட்டு, பாசிப் பச்சை. ஆனா தோலு நல்ல கனம். தையலே கிடையாது, எல்லாம் சூடு வச்ச ஒட்டு, அதும் ரெட்டை ஒட்டு. வெயிலு ஒண்ணும் செய்யாது. ஊதின அம்மா தங்கமான குணம்."

"கோபம் வருமா?"

"வராது."

"சிரிப்பு?"

"அளவாத்தான்."

"பேச்சு?"

"கேட்டாப் பேசுவாங்க."

நல்ல நாள் பார்த்துப் புறப்பட்டார்கள். அண்ணாச்சி முன்னால், தாம்பாளத்தோடு சந்தனமாரி நடுவில், கொம்பையா பின்னால். ஊதுகாரர் தெருவுக்குள் நுழைந்ததும் கொம்பையாவின் நடை குறைந்துபோனது. அவருக்கு எதையும் எட்டிப் பார்க்காமல் தாண்டிப் போகத் தெரியாது. வீட்டுக்கு வீடு முற்றத்தில் தண்ணீர்த் தொட்டி, தொட்டிக்குள் பிறந்து சில நாளான வாத்துகள். ஒரு வாசலில் பெண்கள் வால்வை வாயில் வைத்து ஊதிக்கொண்டே மூக்கால் ஊர்க்கதை பேசினார்கள். இன்னொரு வீட்டில் பெரிய சறுக்கு ஒன்றைக் குடும்பமே சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு வால்வாக ஊதிக்கொண்டிருந்தது.

கொம்பையா நின்றுவிட்டார். "இத்தனை பேரு குணமும் சேந்தா அந்தச் சறுக்குக்கு என்ன குணம் வரும்?"

"கூட்டுக் குடும்பத்துக் குணம்தான். ஒருத்தரையும் மேல நிக்க விடாது. நடங்க," என்றார் சந்தனமாரி. வாசலுக்கு வந்ததும் அவர் குரலைத் தாழ்த்தினார். "அண்ணே, உங்களுக்குத்தான் சொல்லுதேன். கை வச்சுப் பாக்கலாம், மோந்து பாக்கலாம். வால்வுல வாயி மட்டும் வச்சிராதீங்க. வச்சா நீங்க அந்தப் பக்கத்து ஆளாயிருவீங்க."

"அது தெரியாதா எனக்கு?" என்றார் கொம்பையா.

ஊதிய அம்மாவின் பெயர் உடையம்மாள். தனிக்கட்டை, கொம்பையா வயதுதான் இருக்கும். பாய் விரித்து, ஒரு பக்கம் படகு வீட்டாரை உட்கார வைத்து, எதிர்ப் பக்கம் தான் உட்கார்ந்தார். கேசரியும் பஜ்ஜியும் வந்தன. பிறகு தொட்டியை மறைத்திருந்த சேலையை விலக்கினார். கழுத்தில் ஒரு முழம் மல்லிகையோடு ஆமை தலையைக் குனிந்துகொண்டிருந்தது.

"கொஞ்சம் மிதந்து காட்டச் சொல்லுங்க," என்றார் அண்ணாச்சி.

ஆமை தொட்டியின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போய்த் திரும்பி வந்தது. தண்ணீர் அதிகம் அசையவில்லை. கொம்பையாவால் அதற்கு மேல் பாயில் இருக்க முடியவில்லை. எழுந்து போய் முதுகை அழுத்திப் பார்த்தார். ஒட்டின மடிப்பை நகத்தால் நெருடினார். அண்ணாச்சியின் சட்டைப் பையில் எப்போதும் உப்பு இருக்கும். அதில் ஒரு சிட்டிகை வாங்கி ஓட்டில் தேய்த்துச் சாயம் போகிறதா என்று பார்த்தார். போகவில்லை.

"பாறையில உரசினா?" என்று கேட்டார்.

"கொஞ்சம் யோசிக்கும். பொறவு மறந்துரும்," என்றார் உடையம்மாள்.

கொம்பையாவுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. தாம்பாளத்தில் கயிறும் மெல்ல நெளிந்து, நுனியைத் தொட்டிப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டது. சந்தனமாரி அதை அண்ணாச்சிக்குக் கண்ணால் காட்டினார்.

அண்ணாச்சி கயிற்றைப் பார்க்கவில்லை. அவர் ஆமையின் பின்னங்கால் ஒன்றை விரலால் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். விழுந்த குழி எழும்பவில்லை.

"கால் தொய்ஞ்சிருக்கே."

"பாக்க வாராங்கன்னு சொன்னதுலேருந்து அது மூச்சை ஒரு மாதிரி வச்சிருக்கு. வெக்கம்," என்றார் உடையம்மாள்.

"வெக்கம்னா கன்னத்துலல்லா தெரியணும், கால்ல எப்படித் தெரியும்? வேணாம்மா, மனசுல ஒண்ணும் வச்சிக்கிடாதீங்க." அண்ணாச்சி வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "கொம்பையா, தட்டை எடு. புரோட்டா மாஸ்டர் விருதுநகர்லேருந்து பஸ் ஏறிட்டாராம்."

தட்டில் கயிறு சுருண்டு படுத்துக்கொண்டது. கொம்பையா அதைப் பார்த்தார். தட்டை எடுப்பதற்காகத்தான் குனிந்தார். ஆனால் கை தட்டுக்குப் போகாமல் தொட்டிக்குப் போய்விட்டது. வால்வின் மூடியைத் திறந்ததும் உள்ளேயிருந்து கொஞ்சம் மூச்சு வந்து அவர் கன்னத்தில் பட்டது. வெதுவெதுப்பாக, ஓமம் மென்ற வாசனையோடு இருந்தது. இன்னொருவர் மூச்சு இப்படியா இருக்கும் என்று அவருக்கு ஆச்சரியமாகக்கூட இல்லை. இன்னும் தெரிந்துகொள்ள வேண்டும் போல இருந்தது, அவ்வளவுதான். வாயை வைத்து ஊதினார்.

பின்னங்கால் எழுந்து நின்றது. அண்ணாச்சி மறுபடி விரலால் குத்தினார். குழி விழவில்லை. அவர் உட்கார்ந்து, மீதிப் பஜ்ஜியைக் கையில் எடுத்தார்.

"சரி. எங்களுக்குப் பிடிச்சிருக்கு."

சந்தனமாரி கொம்பையாவின் கேசரித் தட்டை எடுத்துக்கொண்டுபோய் உடையம்மாளின் பக்கத்தில் வைத்தார். கொம்பையாவும் எழுந்து தட்டு இருந்த இடத்துக்குப் போய் உட்கார்ந்தார். அண்ணாச்சி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். கொம்பையாவை அவர் வாழ்நாளில் 'நீங்க' என்று சொன்னதில்லை.

"பொம்மை வீட்டுக்காரங்க என்ன சொல்லுதீங்க?" என்று அவரைப் பார்த்துக் கேட்டார்.

கொம்பையாவுக்கு அப்போதுதான் முழுதாக உறைத்தது. பொம்மையைக் கொடுத்தவர்கள் படகில் கை நனைக்கக் கூடாது. கால் வைக்கவும் கூடாது. சம்மதம் என்றால் சின்னத்துரை கடலில் இருக்கும், அவர் கரையில் இருப்பார். சம்மதம் இல்லை என்றாலும் அவர் கரையில்தான் இருப்பார், சின்னத்துரையும் கரையில் இருக்கும், புரோட்டா வாசனையோடு. உடையம்மாள் தண்ணீர்ச் சொம்பை அவர் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

"எங்களுக்குச் சம்மதம்," என்றார் கொம்பையா. அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. உடையம்மாள் அதையே இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னார்.

கல்யாணம் படகுத்துறையில் நடந்தது. நாதஸ்வரக்காரர் கடல்காற்றுக்குப் பயந்து சீவாளியைத் துண்டால் மூடி மூடி வாசித்தார். பின்கயிற்றை ஆமையின் கழுத்து வளையத்தில் மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டினார்கள். சின்னத்துரையில் புதுத் தண்டல் ஒருவர் நின்றார். சட்டையை நன்றாக இஸ்திரி போட்டிருந்தார். கொம்பையாவின் தலையணையையும் டிரங்குப் பெட்டியையும் அவர்தான் கீழே இறக்கி வைத்தார்.

எஞ்சின் ஓடியது, நங்கூரம் ஏறியது, சின்னத்துரை நகர்ந்தது. கயிறு மெதுவாக நீண்டது. மற்றப் படகுகள் பொம்மையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு கிளம்பும். சின்னத்துரை அப்படி இழுக்கவில்லை. அடிக்கடி நின்று, ஆமை வருகிறதா என்று பார்த்துப் பார்த்துப் போனது. கொம்பையா மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"பொண்ணைக் குடுத்தவங்க அழத்தான் செய்வாங்க. நீங்க என்ன, மாப்பிள்ளையைப் பாத்து அழுதீங்க?" என்றார் உடையம்மாள்.

"ரெண்டு பேரையும் பாத்துத்தான்," என்றார் கொம்பையா.

போக வேறு இடம் இல்லாததால் உடையம்மாள் வீட்டுக்கே போனார். பெண்ணுக்குத் தாயும் தகப்பனும் ஒரே வீட்டில் இருப்பதை ஊதுகாரர் தெருவில் யாரும் ஒரு பேச்சாக எடுக்கவில்லை. தொட்டியை ஒட்டிய அறையில் பாயை விரித்துக் கொடுத்தார்கள். ஆனால் தூக்கம் வருவேனா என்றது. பகலில் கண்ணயரலாம் என்று படுத்தாலும், காது அலையைத் தேடிக்கொண்டே இருந்தது. உடையம்மாள் இதைக் கவனித்தார். ஒரு நாள் மத்தியானம் தொட்டிக்கரையில் உட்கார்ந்து வாத்து ஊதும்போது, ஒழிந்த கையால் தண்ணீரைச் சுவரில் தட்டிக்கொண்டே இருந்தார். கொம்பையா அந்தப் பக்கமாகத் தலையைத் திருப்பிப் போட்டுப் படுத்தார். அன்றைக்குத்தான் அவருக்கு நல்ல தூக்கம் வந்தது.

ஊதவும் கற்றுக்கொண்டார். மூச்சு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவர் ஊதிய வாத்துகள் எதுவும் தொட்டியில் நிற்கவில்லை. கண் அசந்தால் இறங்கித் துறைமுகத்தைப் பார்க்க நடக்க ஆரம்பித்துவிடும். தெருமுனைப் பெட்டிக்கடைக்காரர் அவற்றைப் பிடித்து வைத்து, சாயங்காலம் கொண்டுவந்து கொடுப்பார்.

சந்தனமாரி அவ்வப்போது சேதி கொண்டுவந்தார். ஆமை தங்கிவிட்டது. புரோட்டா மாஸ்டர் விருதுநகருக்கே திரும்பிப் போய்விட்டார். "முயல் தீவுப் பக்கம் பாறையில உரசிச்சாம் அண்ணே. கொஞ்சம் யோசிச்சுதாம். பொறவு மறந்துட்டுதாம்." உடையம்மாள் தலையை ஆட்டிக்கொண்டார். கொம்பையா சின்னத்துரையைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டால் மறுபடியும் கண் கலங்கிவிடும் என்று பயம்.

ஆடி பிறந்தது. தலையாடிக்குப் பெண்ணை அழைத்துவர வேண்டும். கொம்பையா வெளுத்த வேட்டி கட்டி, சீர்த்தட்டோடு படகுத்துறைக்குப் போனார். படகில் கால் வைக்காமல் கரையில் நின்றபடியே முடிச்சை அவிழ்த்து, ஆமையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். சின்னத்துரையை நேராகப் பார்க்கவில்லை. மூக்கில் மட்டும் லேசாகக் கை வைத்துவிட்டுத் திரும்பினார்.

மீன் மார்க்கெட்டைத் தாண்டும்போது பின்னால் ஹாரன் கேட்டது. பஸ்ஸாக இருக்கும் என்று ஓரமாக ஒதுங்கினார். சின்னத்துரை வந்துகொண்டிருந்தது. தலையாடிக்குப் பெண் போனால் மாப்பிள்ளையும் விருந்துக்கு வருவதுதானே வழக்கம்? கொம்பையாதான் அழைக்க மறந்துவிட்டார். நாக்கைக் கடித்துக்கொண்டு, "வாங்க மாப்பிள்ளை" என்றார்.

ஊதுகாரர் தெரு குறுகலானது. அக்கம்பக்கத்தார் வாளிகளையும் சைக்கிள்களையும் எடுத்து வழி விட்டார்கள். ஒருவர் ஒட்டடைக் கம்பால் கரண்டு வயரைத் தூக்கிப் பிடித்தார். உடையம்மாள் ஆரத்தி கரைத்து, மூக்கிலிருந்து ஆரம்பித்துச் சுற்றி, வாலுக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. முற்றத்தில் மூக்கும் தெருவில் வாலுமாக மாப்பிள்ளை அமர்ந்தார். பெரிய இலையாகப் போட்டு, பாயசம் ஊற்றி, பக்கத்தில் கொஞ்சம் டீசலும் வைத்தார்கள்.

விருந்து முடிந்தது. சின்னத்துரை கிளம்பவில்லை. ஆடி முடிந்தது. அப்போதும் கிளம்பவில்லை. ஆவணியில் தவசிமுத்து அண்ணாச்சி வந்து, வாலைத் தாண்டி, பக்கவாட்டில் நுழைந்து, முற்றத்துக்கு வந்து சேர்ந்தார்.

"சம்பந்தி, மாப்பிள்ளையை அனுப்பி வைக்கணும்லா?"

"நாங்க எப்படி அண்ணாச்சி போகச் சொல்ல முடியும்? அவரா இருக்காரு."

"அப்ப வீட்டோட மாப்பிள்ளையா?"

"அப்படித்தான் தெரியுது."

அண்ணாச்சி சின்னத்துரையை நிமிர்ந்து பார்த்தார். ஆமை அதன் நிழலில் தொட்டிக்குள் சாய்ந்து கிடந்தது, பின்னங்கால் நன்றாக விறைத்திருந்தது. "தரையிலதான் நிக்கணும்னா நான் பைபாஸ்லயே..." என்று ஆரம்பித்தவர், உடையம்மாள் பார்த்த பார்வையில் மோரை வாங்கிக் குடித்துவிட்டு, மாப்பிள்ளையின் விளிம்பைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு கொம்பையா உட்கார்ந்து யோசித்தார். சம்பந்தி வீட்டுப் படகில் கால் வைக்கக் கூடாதுதான். ஆனால் இது இப்போது தன் வீட்டு முற்றத்தில் இருக்கிறது. தன் வீட்டுக்குள் தான் நடப்பதற்கு யாரைக் கேட்க வேண்டும்? தலையணையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஏறினார். குறுகலான அறை அப்படியே இருந்தது. பழைய பக்கமாகத் தலை வைத்துப் படுத்தார். சந்தோஷத்தில் அவருக்குக் கால் விரலெல்லாம் குறுகுறுத்தன. தூக்கம்தான் வரவில்லை. உடையம்மாள் அடுப்படியில் வேலையாக இருந்ததால் தொட்டியில் தட்ட ஆள் இல்லை.

கொஞ்ச நேரத்தில் தலைமாட்டில் சத்தம் கேட்டது. மெதுவாக ஒரு தட்டு, பிறகு இடைவெளி, பிறகு இன்னொரு தட்டு. உடையம்மாள் வந்துவிட்டார் போல என்று கண்ணை மூடினார். ஆனால் உடையம்மாளின் குரல் அடுப்படியிலிருந்துதான் வந்தது.

"வாசல்ல யாரு வந்திருக்காங்கன்னு பாருங்க."

கொம்பையா எழுந்து, விளிம்பில் கையூன்றி எட்டிப் பார்த்தார். தெரு முழுக்கக் கடல் நின்றது. பிள்ளையைக் காணோம் என்று வழி விசாரித்து விசாரித்து வந்திருக்கும்போல, நுரை தள்ளியிருந்தது. வாசற்படியில் ஏறாமல், ஒரு பக்கமாக ஒதுங்கி நின்று, சின்னத்துரையின் விலாவை மட்டும் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது.

"மாப்பிள்ளையோட அம்மா வந்திருக்காங்க," என்றார் கொம்பையா. வேட்டியைச் சரிசெய்துகொண்டு இறங்கி, நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "வெளியவே நின்னா எப்படி? உள்ள வாங்க."

கடல் செருப்புகளை நனைக்காமல் உள்ளே வந்தது. காபிக்கு எவ்வளவு தண்ணீர் வைக்க என்று உடையம்மாள் அடுப்படியிலிருந்து கேட்டார்.